மலைக்கு அந்தப் பக்கம்

வானம் துலக்கமாக இருக்கும் நாளில் சிவகாசியின் எந்த மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தாலும் ஒரு நீலக்கோடு தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்க நெருங்க அந்தக் கோடு மலையாகும். எங்கள் பெண்கள் அதை மழைக்காகப் பார்ப்பார்கள். "மேக்க கருத்துக்கிட்டு நிக்கு" என்று கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். பெரும்பாலும் அந்த மழை வராது. ஆனி, ஆடியில் வீசும் தென்மேற்குக் காற்று, சுமந்து வருவதில் பெரும்பங்கை அந்தப் பக்கத்துச் சரிவில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கும். அந்தப் பக்கம் ஈரக்காடு. இந்தப் பக்கம் கரிசலும் சீமைக்கருவேலமும். காய்ந்த காற்றில் தீக்குச்சி சீக்கிரம் காயும், வெடிக்குழாய் சீக்கிரம் காயும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அது இங்கே வேர்பிடிக்க இந்த வறட்சி ஒரு காரணம். வெள்ளாமை பொய்த்த வீடுகளின் பெண்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள் என்பது இன்னொரு காரணம். என் சித்தி முப்பத்தோரு வருஷம் வெடியாபீஸில் திரி சொருகியதற்குப் பின்னால் அந்த மலை நிற்கிறது.

எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடியாபீஸ். ஆபீஸுக்குப் போகிறேன் என்று தூக்குவாளியோடு வேனில் ஏறும் பெண்களைப் பார்த்து, சென்னையிலிருந்து வந்த என் தோழி ஒருத்தி எந்த ஆபீஸ் என்று கேட்டிருக்கிறாள்.

அந்த நீலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நான்கு நாள் போய் இருந்துவிட்டு வருவது என்று சென்ற தீபாவளிக்குப் பிறகு பேச ஆரம்பித்தோம். நான், சித்தி, என் மதினி, என்னிடம் படித்து இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கும் பெண். "நாலு பேருன்னா சரிதான். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்காரக்கூடாதுன்னு சட்டமே இருக்கு" என்றார் சித்தி. வெடி அறையின் சட்டம் அது. அந்தச் சட்டம் எத்தனை ஆபீஸ்களில் எத்தனை நாள் கடைப்பிடிக்கப்பட்டது என்பது சித்திக்கு நன்றாகத் தெரியும்.

போக நினைத்த இடம் பெரியாறு. தேக்கடி என்றால்தான் எங்கள் ஊரில் புரியும். கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். 1978-ல் புலிகள் காப்பகமானது, 1982-ல் அதன் உட்பகுதி தேசியப் பூங்காவானது. எங்கள் பக்கத்துச் சரிவில் சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் வந்த சரணாலயம் 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக விரிந்தது. வரைபடத்தில் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கின்றன. கழுகு பறந்தால் கொஞ்ச நேரம். எங்களுக்கு தேனி போய், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் கடந்து குமுளி மலையேற வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாத விடியல் பயணம் டவுன் பஸ்ஸோடு முடிந்துவிடுகிறது. வெளியூருக்கு டிக்கெட் வாங்கத்தான் வேண்டும்.

நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் நான்கு நாட்களையும் கோடு போட்டுப் பிரித்தேன். படகு எத்தனை மணிக்கு, மூங்கில் தெப்பம் எந்த நாள், எங்கே தங்குவது என்று எழுதத்தான் கோடு போட்டது. முதல் மூன்று வாரத்தில் அந்தப் பக்கம் நிரம்பியது வேறு விஷயங்களால். மதினியின் மாமியாருக்கு, அதாவது என் அம்மாவுக்கு, சர்க்கரை ஊசி யார் போடுவது. சித்தப்பாவுக்கு இரவு இட்லியா, கடையில் வாங்கிக்கொள்வாரா. மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் இரண்டாம் நாளில் வந்தால் யார் பிடிப்பது. அச்சகத்துப் பெண்ணின் தம்பிக்குச் சனிக்கிழமை தேர்வு, அவனை யார் எழுப்பிவிடுவது. காட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன்பே, நாங்கள் இல்லாத வீட்டைப் பற்றி ஆறு பக்கம் ஆகிவிட்டது. ஒரு பெண் நாலு நாள் வெளியே போவதற்கு முதலில் அவள் தன்னை நாலு துண்டாக்கி நாலு பேரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்குத் திட்டமிடல் என்று பெயர் கிடையாது. ஒரு நிறுவனத்தில் இதைச் செய்பவருக்கு மேலாளர் என்று பலகை வைத்திருப்பார்கள்.

சங்க இலக்கிய வகுப்பில் குறிஞ்சித்திணை நடத்தும்போது இற்செறிப்பு என்ற சொல் வரும். தினைப்புனத்தில் கிளி ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணை, அவள் பருவமும் மேனி மாற்றமும் கண்ணில் பட்டதும் வீட்டுக்குள் நிறுத்திவிடுவது. மாணவிகள் பரீட்சைக்குப் பொருள் எழுதிக்கொள்வார்கள். யாரும் விளக்கம் கேட்பதில்லை. மலையில் உரிமையோடு கூவித் திரிந்தவள் ஒருநாள் உள்ளே போனாள் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே அதற்கு ஒரு துறை வகுத்து வைத்திருக்கிறோம். வெளியே வந்ததற்குத் துறை இருக்கிறதா என்று தேடினால், உடன்போக்கு இருக்கிறது. அதிலும் அவள் ஒருவனோடு போகிறாள்.

எப்போது போவது என்பது அடுத்த கேள்வி. மதினி பெட்டி ஒட்டுகிறவர். எண்ணிக்கைக்குக் கூலி. நாலு நாள் போனால் நாலு நாள் கூலி போகும். ஆபீஸ்கள் அடைத்துக் கிடப்பது தீபாவளிக்குப் பிறகு சில வாரங்கள்தான். பட்டாசு வட்டாரத்துக்கு அதுதான் கோடை விடுமுறை. போனஸ் பணம் கையில் கொஞ்சம் மிச்சமிருக்கும் காலமும் அதுவே. அந்த நாட்களில் வடகிழக்கு மழை இருக்கும், காட்டில் அட்டை இருக்கும், அதற்குக் கால் உறை போட்டுக்கொள்ளலாம். மாசி, பங்குனியில் நீர்மட்டம் இறங்கி யானைகள் ஏரிக்கரைக்கு வரும் காலம் இன்னும் நல்லது என்கிறார்கள். ஆனால் எங்கள் நாட்காட்டியை யானை எழுதவில்லை.

தீபாவளி கழிந்து கார்த்திகை என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. குமுளிச் சாலை முழுக்கக் கறுப்பு வேட்டி. சபரிமலை இருப்பது இதே பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்தான். இதை நான் சொன்னபோது மதினி நம்பவில்லை. "அண்ணன் பதினெட்டு வருஷமா போறாக, அது இந்தக் காடா?" இந்தக் காடுதான். எங்கள் தெருவின் ஆண்களுக்குப் பாட்டுப் பாட்டாக மனப்பாடம் ஆன காடு. எரிமேலி, கரிமலை, பம்பை, புல்மேடு என்று திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார்கள். யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது, இரவில் தீப்பந்தம் கட்டிக்கொண்டு நடந்தோம் என்பார்கள். நாற்பத்தெட்டு நாளும் விடிகாலையில் எழுந்து தனிப்பாத்திரத்தில் சமைத்து, வீட்டுக்கு விலக்கானால் அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்து, இருமுடிக்கு நெய் உருக்கிக் கொடுத்து, தெருமுனைவரை வந்து வழியனுப்பியவர்கள் இந்தப் பெண்கள். 2018 செப்டம்பர் 28-ல் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பாதையில் ஏற முயன்ற பெண்களுக்கு என்ன நடந்தது என்பதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் கோயிலுக்குப் போக மதினிக்கு விருப்பமில்லை, சித்திக்கு வயதுத் தடையும் இல்லை. அது அவரவர் பாடு. நான் கணக்கில் எடுத்துக்கொண்டது வேறு. அண்ணன் பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட ஊசி யார் போடுவது என்று நோட்டில் எழுதவில்லை.

"நாமளும் கோயில்னே சொல்லிருவமே" என்றார் மதினி. "கோயில்னா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாக." அவர் சொன்னது நடைமுறை ஞானம். எங்கள் ஊர்ப் பெண்கள் மலைக்காட்டுக்குள் நுழைந்ததெல்லாம் சாமியைக் காட்டித்தான். ஆடி அமாவாசைக்கு சதுரகிரி ஏறிய பாட்டிகள் தாணிப்பாறையிலிருந்து கல்லும் முள்ளுமாக நடந்தார்கள். மூட்டுவலியோடு ஏறி, ஓடையில் குளித்து, பாறையில் சாய்ந்து கதை பேசிவிட்டு வந்த பாட்டியின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சுந்தர மகாலிங்கம் அவளுக்கு அனுமதிச் சீட்டு எழுதித் தந்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. மதினியின் யோசனையை அச்சகத்துப் பெண் ஏற்கவில்லை. "பொய் சொல்லிட்டுப் போனா திரும்பி வந்து யானை பாத்தேன்னு சொல்லமுடியாது மதினி. குருவாயூர்ல பாத்தேன்னுதான் சொல்லணும்" என்றாள். மதினி சிரித்துவிட்டார். அன்று இரவே அண்ணனிடம் தேக்கடி என்றே சொன்னார்.

அதன்பிறகுதான் பயத்தின் முறை. "அங்க படகு கவுந்து அத்தனை பேரு செத்தாகளே" என்றார் அண்ணன். உண்மைதான். 2009 செப்டம்பர் 30 மாலை தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதை நோட்டில் எழுதிக்கொண்டேன், மிதவைச் சட்டை போட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருப்பது என்று பக்கத்தில் குறித்தேன். அடுத்து சித்தப்பா குரங்கணியைச் சொன்னார். 2018 மார்ச் 11-ல் போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கமிருந்தும் வந்தவர்கள். அந்த வாரம் என் வகுப்பிலேயே ஒரு மாணவி கேட்டாள்: "பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு மிஸ் மலையேத்தம்?" டீக்கடையிலும் அதே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. தீக்காலத்தில் அவர்களை மேலே கூட்டிப்போனது யார், அனுமதி என்ன ஆயிற்று என்ற கேள்விகளுக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்துவிட்டது. 2011 ஜனவரி 14 இரவு புல்மேட்டில் நெரிசலில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆம்பளைகளுக்கு எதுக்கு மலையேற்றம் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதாக நினைவில்லை. அடுத்த கார்த்திகையில் அண்ணன் மாலை போட்டார்.

சித்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, குரல் உயர்த்தாமல், "முப்பத்தோரு வருசம் ஆபீசுக்குப் போனேன். ஒருநாளாவது அங்க வெடிச்சிரும், போகாதன்னு சொன்னீகளா?" என்றார்.

சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். சொல்லியிருந்தால் வீட்டில் உலை கொதித்திருக்காது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிபட்டி வெடித்தபோது சித்தி வேறோர் ஆபீஸில் இருந்தார். புகையைப் பார்த்தபடியே அந்த வாரக் கணக்கை முடித்துவிட்டுத்தான் வந்தார். ஆபத்து பெண்ணுக்கு விலக்கப்பட்டதாக எங்கள் ஊரில் எப்போதும் இருந்ததில்லை. கூலியோடு வந்தால் அது வேலை, கூலியில்லாமல் வந்தால்தான் அது ஆபத்து. சித்தியின் நகக்கண்ணில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் வருஷக்கணக்காகக் கிடந்தது. பேரியத்துக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்து, 2018 நவம்பரில் ஆபீஸ்கள் மாதக்கணக்கில் அடைத்துக்கிடந்தபோது அந்த நகம் முதல்முறையாக நகநிறம் ஆனது. அந்த மாதங்களில் வீட்டில் கடன் ஏறியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சித்திக்குக் காட்டோடு ஒரு கணக்கு இருப்பது எனக்கு இந்தத் திட்டத்தின்போதுதான் தெரிந்தது. 2020-ல் பாலக்காட்டுப் பக்கம் வெடிமருந்து வைத்த தீனியைக் கடித்து வாய் சிதறி, ஆற்றுக்குள் நின்றே செத்துப்போன கர்ப்பிணி யானையின் படத்தை அவர் செல்போனில் பார்த்திருக்கிறார். "அது நம்ம மருந்தா இருக்குமோன்னு ரெண்டு நாள் சோறு இறங்கல" என்றார். அது காட்டுப்பன்றிக்கு உள்ளூரில் உருட்டும் பன்னிவெடி, உங்கள் ஆபீஸ் சரக்கில்லை என்றேன். அவர் அதில் முழுசாக ஆறுதல் அடையவில்லை. யானை விரட்டத் தோட்டங்களில் போடும் வெடி எங்கிருந்து போகிறது என்று கேட்டார். அதற்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. 2023-ல் அரிக்கொம்பனைப் பிடித்துப் பெரியாற்றில் விட்டதும், அது மலையிறங்கி மே மாதம் கம்பம் தெருவுக்குள்ளேயே நடந்ததும், அங்கிருந்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனதும் சித்திக்கு நாள்வாரியாகத் தெரியும். "அதுவும் வீட்டுக்குப் போகணும்னுதான நடந்துச்சு" என்றார். யானை பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதச் சொன்னது அவர்தான். புலி பற்றி யாருக்கும் பெரிய ஆசையில்லை. பார்ப்பதும் அரிது.

முன்பதிவு செய்ய உட்கார்ந்த இரவு தனிக்கதை. ஆதார் எண் கேட்டது. மதினியின் செல்போன் எண் அண்ணன் பெயரில் வாங்கியது, ஆதாரில் இணைத்திருப்பதும் அண்ணனின் எண். ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் அப்போது லோடு ஏற்றிக்கொண்டு திருப்பூரில் இருந்தார். தன் பெயரில் தன் எண் வாங்க மதினி மறுநாள் கடைக்குப் போனார். நாற்பத்தாறு வயதில் அவருக்கென்று ஒரு செல்போன் எண் கிடைத்தது. பயணமே நடக்காமல் போனாலும் அந்த எண் இருக்கும்.

வனத்துறை நடத்தும் திட்டங்களைப் படித்துக்காட்டினேன். மூங்கில் தெப்பத்தில் போய், இறங்கி, காட்டுக்குள் நடந்து மாலையில் திரும்புவது ஒன்று. கூடாரத்தில் ராத்தங்கும் புலித்தடம் ஒன்று. அதில் வழிகாட்டிகளாக இருப்பவர்களில் முன்பு வயணாப்பட்டை திருட்டுத்தனமாக உரித்தவர்களும் உண்டு. தொண்ணூறுகளின் இறுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் வழக்குகளிலிருந்து வெளியே வந்து அதே காட்டுக்குக் காவலானவர்கள். ஆண்கள் இதைக் கேட்டால் துப்பாக்கி, புலி என்று கேட்டிருப்பார்கள். எங்களில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டது, "பாத்ரூம் இருக்குமா?" நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவர்கள். ஆபீஸில் கழிப்பறை தூரம், போய்வந்தால் எண்ணிக்கை குறையும் என்று அடக்கி அடக்கிச் சித்தி வாங்கிய நோய்க்கு இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். புலித்தடத்தை விட்டுவிட்டோம். மூங்கில் தெப்பத்தை வைத்துக்கொண்டோம். வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் நிறுத்தச் சொல்வது, தண்ணீர் குடிப்பது என்று இரண்டையும் கோடிட்டு எழுதினேன். தீப்பெட்டி, பீடி எதுவும் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறது. அதைப் படித்ததும் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் காப்பகத்தின் எல்லையில்தான் மங்கலதேவி கண்ணகி கோட்டமும் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டுமே ஏறவிடுவார்கள், நாங்கள் போகும் கார்த்திகையில் முடியாது. மதுரையிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை நிழலில் நின்றவள். பதினான்காம் நாள் வானுலகம் போனாள் என்பது காப்பியம். எங்கள் பக்கத்திலிருந்து தனியாக அந்த மலைக்குப் போன முதல் பெண் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன். போவதற்கு அவள் கணவனையும் ஒரு முலையையும் ஒரு நகரத்தையும் இழந்திருக்க வேண்டியிருந்தது. குன்றக்குறவர்கள் அவளைப் பார்த்துக் கேட்டதும் நீ யார் என்றுதான். சும்மா பார்க்க வந்தேன் என்று ஒரு பெண் சொல்லும் வரி எந்தக் காப்பியத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாளுக்கு ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். சித்திக்கு அது பிடிக்கவில்லை. "எடம் காலியா கெடக்கே" என்று விரல் வைத்துக் காட்டினார். அன்று காட்டோரம் சும்மா இருப்போம் என்றேன். சும்மா இருப்பதற்கு ரூம் வாடகையா என்றார். நியாயமான கேள்வி.

அப்போதுதான் வசந்தசேனையைப் பற்றிச் சொன்னேன். குமுளியில் காட்டோரக் குடும்பங்களின் பெண்கள் 2002-ல் கூடி அமைத்த குழு. ஐந்தாறு பேராக முறைவைத்துக் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். மரம் வெட்டுகிறவர்கள், வேட்டையாடுகிறவர்கள் நடமாட்டம் கண்டால் வனத்துறைக்குச் சொல்கிறார்கள். சமஸ்கிருத நாடகத்து நாயகியின் பெயரை வசந்தத்தின் சேனை என்று மாற்றிப் படிக்க வைத்துவிட்டார்கள் என்று எனக்குள் ஒரு மகிழ்ச்சி. சித்திக்கு அதில் அக்கறையில்லை. புலிக்காட்டில் கையில் ஒன்றுமில்லாமலா, புருஷன்மார் விடுகிறார்களா, சேலையா சுடிதாரா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "எம்புட்டுச் சம்பளம்?"

சம்பளம் கிடையாது சித்தி, அவர்களாகவே செய்கிறார்கள் என்றேன்.

வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னிடமிருந்து நோட்டை வாங்கினார். மூன்றாம் நாளின் காலியிடத்தில், முதியோர் கல்வியில் கற்ற அவருடைய பெரிய பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: அவுகளப் பாக்கணும். ஏன் சம்பளம் கேக்கலன்னு கேக்கணும்.